கீப்பருக்காகக் கடலுக்குப் போனவன்

குருநகரில் இன்னாசித்தம்பியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவனுடைய நித்திரையைப் பற்றித்தான் சொல்வார்கள். கோலில் நின்று அவன் பிடித்த பந்துகளும் விட்ட பந்துகளும் அதற்குப் பிறகுதான். ஆளுக்குப் பாய் தேவையில்லை, வலைக் குவியலில் தலை பட்டால் போதும். ஒருமுறை கடல் பக்கமிருந்து வந்த ஷெல் இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்து சனமெல்லாம் கோயிலுக்கு ஓட, இவன் கண்ணைத் திறந்து, வாசல் படலையை யார் இப்படி அடித்துச் சாத்தியது என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தானாம். கதை கட்டுகிற சனம். ஆனாலும் முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த நித்திரை சும்மா வந்ததல்ல. கலங்கரை விளையாட்டுக் கழகத்துக்கு அவன் ஒன்பது வருசம் கோல் கீப்பராக நின்றவன். எங்கள் பக்கத்தில் கீப்பருக்கு ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் இரவு முழுக்கக் கடலில் கிடந்து வலை இழுத்து, விடிய வந்து, பின்னேரம் பந்தடிக்க இறங்குவார்கள். முன்னால் ஓடுகிறவனுக்குக் கண் செருகினாலும் பின்னால் ஒருவன் நிற்கிறான், சமாளிக்கலாம். கீப்பருக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது. ஆகவே ஆட்டத்துக்கு முதல்நாள் கீப்பர் கடலுக்குப் போவதில்லை. ஆனால் வள்ளம் போகத்தான் வேண்டும். நாலு பேர் இல்லாமல் அந்த வலையை இழுக்க முடியாது. வள்ளம் கரையில் கிடந்தால் நாலு வீட்டில் உலை ஏறாது. அதனால் கீப்பருடைய இடத்தில் கழகத்து ஆள் ஒருவன் போய் இருப்பான். அன்றைக்கு எவனுடைய வள்ளம் பழுதோ, எவன் சும்மா நிற்கிறானோ, அவனைத் தேடிப் பிடித்து அனுப்புவது கீப்பர் கோச்சின் வேலை. போனவன் யார் என்பதை ஆட்டம் முடியும்வரை கீப்பரிடம் சொல்லக்கூடாது. எனக்காக ஒருத்தன் கண் முழிச்சவன் என்ற நினைப்பு வந்தால் கீப்பரின் கை பிந்தும் என்று அதற்கு நியாயம் சொல்வார்கள்.

அந்தக் கீப்பர் கோச் சிமியோன். கழகத்துக்குப் பெரிய கோச் என்று வேறு ஆட்கள் வருவார்கள், சண்டை பிடிப்பார்கள், போவார்கள். சிமியோன் மாறாமல் இருந்தார். கோலில் நிற்கிறவனைத் தவிர வேறு ஒருவரோடும் அவருக்குக் கதை இல்லை. ஆட்டத்தன்று கோலுக்குப் பின்னால், வலைக் கண்ணில் இரண்டு விரலைக் கொளுவிக்கொண்டு நிற்பார். வடக்குக்கு வாடைப்பக்கம், தெற்குக்குச் சோழகப்பக்கம் என்று காற்றின் பேரைச் சொல்லித்தான் கீப்பரை நகர்த்துவார். இடம் வலம் என்றால் எங்கள் ஆட்கள் ஒரு கணம் யோசிப்பார்கள். காற்றின் பேரைச் சொன்னால் உடம்பு தானே திரும்பிவிடும். நடுவர்கள் முதலில் சத்தம் போட்டுப் பார்த்தார்கள், பிறகு அவரைக் கோல் கம்பத்தோடு சேர்ந்த ஒரு தடி என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

ஒன்பது வருசத்தில் ஒரேயொருமுறை, பந்து எதிர்ப்பக்கத்தில் நின்றபோது, இன்னாசித்தம்பி தலையைத் திருப்பாமல், நேற்றுத் தன்னுடைய இடத்தில் யார் போனது என்று சிமியோனிடம் கேட்டான். "பந்தைப் பார்" என்றார் சிமியோன். அவனும் பந்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. தனக்குப் பதிலாக எத்தனை பேர் வள்ளத்து முன்பக்கத்து அணியத்துப் பலகையில் குந்தியிருந்து பனியில் விறைத்தார்கள் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. நன்றாக நித்திரை கொண்டான். அவ்வளவுதான்.

எண்பத்தொன்றில் வலக்கையின் கடைசி இரண்டு விரலும் முறிந்து வளைந்து ஒட்டியதோடு ஆட்டத்தை விட்டான். கத்தரீனாவைக் கட்டினான். தாய் தகப்பன் இல்லாத தம்பி அருளப்பு அவர்களோடுதான் இருந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்தில் தொழில். அருளப்புவுக்குப் பந்தைக் காலால் தொடத் தெரியாது, ஆனால் கலங்கரை எங்கே விளையாடினாலும் கோட்டுக்கு வெளியே முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன்தான்.

எண்பத்தைந்து மாசியில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் கலங்கரைக்கு ஆட்டம் இருக்க, அவர்களுடைய வள்ளத்தின் எஞ்சின் கழற்றிக் கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இன்னாசித்தம்பி விறாந்தையில் படுத்தான். நாலு மணி இருக்கும். நித்திரைக்குள் படலைக் கம்பி கழலுகிற சத்தம் கேட்டது. சிமியோனின் குரல் கேட்டது. கத்தரீனா ஏதோ சொன்னாள். அருளப்பு சிரித்தான். பிறகு படலை சாத்துகிற சத்தம். எழும்பிப் பார்த்திருக்கலாம், ஆனால் எழும்பவில்லை.

விடியப்புறம், கீப்பருடைய வள்ளத்தில் போன நாலு பேரில் மூன்று பேர்தான் கரைக்கு வந்தார்கள். கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று வந்து வெளிச்சம் அடித்ததாம். சூடு விழுந்ததாம். நாலு பேரும் தண்ணீருக்குள் குதித்தார்களாம். மூன்று பேர் வள்ளத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கீப்பருடைய இடத்தில் இருந்தவன் மட்டும் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். அருளப்புவின் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. பெட்டி இல்லாமல் பூசை வைத்தார்கள்.

அன்றோடு இன்னாசித்தம்பியின் நித்திரை போயிற்று. இரவில் வராததைக்கூடத் தாங்கியிருப்பான். பின்னேரம் நாலு மணியானால் படலைக் கம்பி கழலுகிற சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பார்த்தால் படலை சாத்தினபடி இருக்கும். கம்பியை எடுத்து எறிந்துவிட்டுக் கயிறு கட்டினான். கயிறுக்கு என்ன சத்தம்? ஆனால் மறுநாளும் கம்பிதான் கேட்டது. உனக்கும் கேட்டதா என்று கத்தரீனாவைக் கேட்பான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே இல்லை என்பாள். ஒருநாள் இரண்டு நாளல்ல, ஒரு வருசம்.

சிமியோனோடு அவன் பிறகு பேசவில்லை. தம்பியைச் சாவுக்கு அனுப்பினவர் என்று ஊர் கேட்கச் சொன்னான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது, ஊரும் சேர்ந்து சொன்னது. அவர் எதிரே வந்தால் இவன் ஒழுங்கையின் மற்றக் கரைக்குப் போவான். சிமியோன் ஒரு நாளும் தன் பக்கத்து நியாயம் என்று வாய் திறக்கவில்லை. அதுவே அவர் குற்றவாளி என்பதற்குச் சாட்சி என்று இவன் நினைத்தான்.

எண்பத்தாறு தை பிறந்ததும் சிமியோன் போகப்போகிறார் என்று கதை வந்தது. மனுசி செத்துப்போன ஆள். ஒரே மகள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தாள். மாதகல் பக்கமிருந்து ஒரு வள்ளத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கோயில் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது, அதுவும் அச்சுவேலிக் கழகத்தோடு. தோட்டத்துப் பெடியள், கிணற்று இறைப்பு மாதிரி ஓயாமல் ஓடுகிறவர்கள்.

கழகச் செயலாளர் செல்வநாயகம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், கீப்பர் கோச்சாக வரச் சொல்லி மூன்றுதரம் இன்னாசித்தம்பியின் வீட்டுக்கு வந்தார். குருநகரில் கோலில் நின்று விரலை முறிக்காதவன் இல்லை, ஆனால் ஒன்பது வருசம் நின்று பிடித்தவன் நீ ஒருவன்தான் என்று புகழ்ந்து பார்த்தார். உன் தம்பி இருந்திருந்தால் உன்னைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பான் என்று அழுதும் பார்த்தார். சிமியோன் நின்ற இடத்தில் வேண்டுமானால் மாட்டைக் கட்டுங்கள், நான் நிற்க மாட்டேன் என்று இவன் சொல்லிவிட்டான்.

போவதற்கு இரண்டு நாள் இருக்க, சிமியோன் தானே வந்தார். நாலு மணிக்குத்தான் வந்தார். படலை ஆடியது. வழக்கமான சத்தம் என்று இன்னாசித்தம்பி அசையாமல் கிடந்தான். இரண்டாம் தரமும் ஆடியது. மூன்றாம் தரம் எழும்பினால் உண்மையாகவே ஆள் நிற்கிறது. முருங்கையடியில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்த கத்தரீனாவின் கத்தி நின்றது.

சிமியோன் விறாந்தை விளிம்பில் இருந்தார். நலம் விசாரிக்கவில்லை. கோலில் இப்போது நிற்கிற நீக்கிலாப்பிள்ளை நல்ல கைகாரன், ஆனால் சோழகப்பக்கம் விழப் பயப்படுகிறான், முழங்கையில் பழைய காயம் ஒன்று இருக்கிறது, மணலில் விழப் பழக்கினால் பயம் போகும் என்றார். இதைச் சொல்லத்தான் வந்தவர் போல.

இன்னாசித்தம்பி ஒரு வருசமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டான். "என்ரை தம்பியை ஏன் அனுப்பினீங்கள்?"

சிமியோன் முருங்கைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நான் அவனைத் தேடி வரேல்லை, இன்னாசி" என்றார். பிறகு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மறுபடி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு எழும்பினார். "விடு. அனுப்பினது நான்தான். நீ பெடியனைப் பார்த்துக்கொள்." படலையைத் தாமே கயிறு போட்டுச் சாத்திவிட்டுப் போனார். அந்த ஆளை அவன் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

சிமியோன் போனபிறகு இன்னாசித்தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. அவனைத் தேடி வரவில்லையாம்! அப்படியானால் வழியில் கண்டவனைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினாரா? ஒரு மனுசனின் உயிரை இப்படியா கையாளுவது? அந்தக் கோபத்தில்தான் சங்கக்கடைக்குப் போய்ச் சம்மதம் சொன்னான். கீப்பருடைய இடத்துக்கு ஆள் எடுக்கிறது எப்படி என்று தான் காட்டுகிறேன் என்றான். முதலில் அந்த இடத்தை வெறுமையாகவே விடச் சொன்னான். நீக்கிலாப்பிள்ளை போகிற வள்ளத்தின் சொந்தக்காரர், சம்மாட்டி சந்தியாப்பிள்ளை, போன வருசம் அருளப்புவோடு தண்ணீருக்குள் குதித்த மூவரில் ஒருவர், மூன்று பேரால் வலை இழுக்க உன்னால் முடியுமென்றால் நீ வந்து இழுத்துக் காட்டு என்று சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. சரி, ஆளை நேரே கண்டு, அவன் வாயால் ஓம் என்று கேட்ட பிறகுதான் அனுப்புவேன் என்றான் இன்னாசித்தம்பி. சொல்ல நல்லாய்த்தான் இருந்தது.

மூன்று கிழமையும் பின்னேரங்களில் நீக்கிலாப்பிள்ளையைக் கடற்கரை மணலில் விழுத்தி எழுப்பினான். பெடியனுக்கு இருபத்துநாலு வயது, பூட்டனின் பேரைச் சுமந்துகொண்டு திரிகிறவன், அதிகம் கதைக்க மாட்டான். முதல் நாள் கோலுக்குப் பின்னால் போய் நின்று வலையைப் பிடித்தபோது இன்னாசித்தம்பியின் வளைந்த விரல்கள் வலைக் கண்ணில் கொளுவவில்லை. இடக்கையை மாற்றிப் பிடித்தான். "சோழகப்பக்கம்" என்று சொன்னான். சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தான். வெறும் வெளி. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், தனக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார் என்ற எண்ணம் அவனை விடவில்லை. அது சிமியோனா, தம்பியா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்வது, கோச்சுக்குப் பேய்ப் பயம் என்று தெரிந்தால் அச்சுவேலிவரை சிரிப்பார்கள்.

ஆட்டத்துக்கு முதல்நாள் வந்தது. அன்றைக்கு வேலையில்லாமல் நின்ற கழகத்து ஆள் பிலேந்திரன் ஒருவன்தான். முன்பு இன்னாசித்தம்பிக்கு முன்னால் பின்வரிசையில் விளையாடியவன், அவனும் இளைய தம்பியும் போகிற வள்ளத்துக்கு அன்று தார் பூசிக் காய விட்டிருந்தார்கள். நாலு மணிக்கு இன்னாசித்தம்பி அவன் வீட்டுப் படலையைத் தட்டினான்.

பிலேந்திரனின் மனுசி அற்புதராணி வந்தாள். படலையைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவன் விசயத்தைச் சொன்னான்.

"அவருக்குக் காய்ச்சல், அண்ணை" என்றாள். "விடியத்தொட்டு எழும்பேல்லை." பிறகு இவன் ஒன்றும் கேட்காமலே, "தம்பியை அனுப்பிறன். அவன் சும்மாதான் நிக்கிறான்" என்றாள்.

உள்ளேயிருந்து பிலேந்திரனின் தம்பி மரியநேசன் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தான். சந்தோசமாகத்தான் வந்தான். இறுதி ஆட்டத்துக்குத் தன்னாலும் ஒரு உதவி என்று சிரித்தான். இன்னாசித்தம்பி சரி என்று தலையை ஆட்டினான். பெடியன் கரைப் பக்கம் நடந்தான்.

நேரே கண்டு, வாயால் ஓம் கேட்டு அனுப்புகிறேன் என்றவன் தலையை ஆட்டினான். எவ்வளவு லேசாக ஆடியது அந்தத் தலை!

திரும்பும்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு குறட்டை கேட்டது. ஆழமான, குறையில்லாத குறட்டை. காய்ச்சல்காரன் அப்படித் தூங்க மாட்டான். அந்த நித்திரை எப்படிப்பட்டது என்று இன்னாசித்தம்பிக்குத் தெரியாதா? அது அவனுடைய நித்திரை அல்லவா. அற்புதராணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைக் காட்டாமல் படலைக் கம்பியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வருசமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கு ஞாபகமில்லை. கத்தரீனா முருங்கையடியில் இருந்தாள். முன்னால் போய் நின்றான்.

"அண்டைக்கு சிமியோன் அண்ணை ஆரைத் தேடி வந்தவர்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைச் சீலையில் துடைத்தாள். இந்தக் கேள்விக்காக ஒரு வருசம் காத்திருந்தவள் போல, அழாமல், நேரே பார்த்துச் சொன்னாள்.

"உங்களைத்தான். எழுப்பு எண்டவர். நான் காய்ச்சல் எண்டன். உங்களுக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. கடலிலை சூடு நடக்கிற காலம், எனக்குப் பயம். அருளப்பு படலையடியிலை நிண்டவன். 'நான் போறன் மச்சாள், அண்ணை படுக்கட்டும்' எண்டான். நான் மறிக்கேல்லை. மறிச்சிருக்கலாம். உங்களை எழுப்பிப்போடுவினமோ எண்ட பயத்திலை, கெதியாப் போ எண்டு நான்தான் படலையைத் திறந்துவிட்டனான்."

அவன் படலைப் பக்கம் பார்த்தான். அவளே தொடர்ந்தாள். "அடுத்தநாள் சிமியோன் அண்ணை வந்து, இதை அவனுக்குச் சொல்லாதை, அவன் தாங்கமாட்டான், பழியை நான் எடுக்கிறன் எண்டவர். நானும் எடுக்க விட்டிட்டன்."

இன்னாசித்தம்பி விறாந்தையைப் பார்த்தான். அந்தப் பாய் அங்கேதான் கிடந்தது. அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரை என்று தெரியவில்லை. தன் இடத்தில் தம்பி போயிருக்கிறான். தான் கிடந்து குறட்டை விட்டிருக்கிறான். ஒரு குற்றமும் செய்யாத மனுசனைக் கண்டால் ஒழுங்கை மாறி நடந்திருக்கிறான். அந்த மனுசன் இப்போது கடலுக்கு அப்பால். மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை. அப்போதுதான் மரியநேசன் ஞாபகம் வந்தது.

ஓடினான். பொழுது மண்டைதீவுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வள்ளம் முழங்கால் தண்ணீரில் நின்றது, எஞ்சின் இன்னும் பிடிக்கவில்லை. மரியநேசன் அணியத்துப் பலகையில் குந்தியிருந்தான்.

"இறங்கு" என்றான் இன்னாசித்தம்பி.

பெடியனுக்கு விளங்கவில்லை. மச்சாள்தான் அனுப்பினவ, அண்ணைக்குக் காய்ச்சல் என்றான்.

"கொண்ணைக்கு வந்த காய்ச்சல் எனக்கும் வந்ததுதான். இறங்கு தம்பி. வீட்டை போ."

அவன் இறங்கினான், கொஞ்சம் மனவருத்தத்தோடு. இன்னாசித்தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, அந்தப் பலகையில் இருந்தான். பலகை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சம்மாட்டி சந்தியாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் எஞ்சின் கயிற்றை இழுத்தார். கரை பின்னால் போக ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நீயும் உதிலைதான் இருக்கப்போறியோ?"

இவன் பார்த்தான்.

"சிமியோனும் போன வருசம் முழுக்க உதிலைதான் இருந்தவர். உன்ரை தம்பிக்குப் பிறகு அந்தாள் ஒருத்தரையும் அனுப்பேல்லை. ஐம்பத்தி ரண்டு வயசிலை விடிய விடிய வலை இழுத்துப்போட்டு, பின்னேரம் போய் கோலுக்குப் பின்னாலை நிக்கும். ஆருக்கும் சொல்லாதை எண்டு எங்கடை வாயைக் கட்டிப்போட்டுது. இப்பதான் போயிட்டாரே, சொல்லலாம்."

இன்னாசித்தம்பி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

கடவுள் புண்ணியத்தில் அன்று கடல் சும்மா இருந்தது. விடிய வள்ளம் திரும்பியபோது கரையில் ஒரு பெண் நின்றாள். கத்தரீனா. பொழுதுபட வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். முழங்கால்வரை நனைந்து, சீலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கோபப்பட வேண்டும் என்று அவன் இரவு முழுக்க நினைத்திருந்தான். நினைத்தது கரையில் வரவில்லை. அவள் தன்னை உயிரோடு வைத்திருக்க நினைத்தவள். அதற்கு அவர்கள் இருவரும் கொடுத்த விலையை இனி இருவரும்தான் சுமக்க வேண்டும்.

"காய்ச்சல் விட்டிட்டுது" என்றான். "வா, போவம்."

அவள் அப்போதுதான் அழுதாள்.

அந்த ஆட்டத்தில் கலங்கரை தோற்றது. அதை ஒளிப்பதில் பிரயோசனமில்லை. ஒன்றுக்கு இரண்டு. அச்சுவேலிப் பெடியளின் இரண்டாவது கோலுக்கு நீக்கிலாப்பிள்ளை அல்ல, ஆண்டவரே கோலில் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. ஆனால் பெடியன் சோழகப்பக்கம் மூன்றுதரம் விழுந்து பிடித்தான். அதற்குப் பிறகும் இன்னாசித்தம்பிதான் கீப்பர் கோச். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு செம்மணி தாண்டிப் போகும்வரை, கடலுக்கு வள்ளம் போக விட்ட காலங்களில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல்நாள் அந்தப் பலகையில் அவனே போய் இருந்தான். வேறு ஒருவனையும் அனுப்பவில்லை. மண்டபம் முகாமுக்குச் சிமியோனின் பேருக்கு இரண்டு கடிதம் எழுதினான். பதில் இல்லை. படலைச் சத்தம் ஓய்ந்ததா என்று கேட்டால், இல்லை. நாலு மணிக்கு இப்போதும் கேட்கிறது என்று சொல்வான். ஆனால் எழும்பிப் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஒவ்வொரு நாளும் ஒருதரம் கேட்கத்தான் வேண்டும் என்பான்.

அந்த முதல் ஆட்டத்தின் ஒரு கணத்தைச் சொல்லிவிட்டு விடுகிறேன். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். பந்து அச்சுவேலிப் பக்கத்தில் நின்றது. கோட்டு ஓரங்களில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. அருளப்பு வழக்கமாக நிற்கிற இடத்தில் யாரோ சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். இன்னாசித்தம்பி கோலுக்குப் பின்னால் இடக்கையால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் எரிந்தது. கையில் வலைக்கயிறு வெட்டிய இடம் உப்பில் காந்தியது.

நீக்கிலாப்பிள்ளை தலையைத் திருப்பாமல் மெல்லக் கேட்டான்.

"அண்ணை, நேற்று என்ரை இடத்திலை ஆர் போனது?"

தன் பின்னால் நிற்கிறவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று இன்னாசித்தம்பிக்குத் தெரியும். எந்தக் குரலில் என்றும் தெரியும். வலைக்கயிறு வெட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பந்தைப் பார்" என்றான்.